குழாய் மறைத்த இரைச்சல்

பங்குனியில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பொங்கல், சித்திரையில் சிவகாசி பத்திரகாளியம்மன் பொங்கல், ஆடிப்பூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர், ஆடிக் கடைசி வெள்ளியில் இருக்கன்குடி. கரிசல் சீமையில் வருஷம் முழுக்க ஏதாவது ஓர் ஊரில் கம்பம் நட்டுக் குழாய் கட்டிக்கொண்டிருப்பார்கள். விடியுமுன்பே எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் அடுத்த ஊர் வரை போய்ச் சேரும். காமராஜரும் பெ. சீனிவாசனும் மோதிய 1967 தேர்தலில் விருதுநகர்த் தெருக்கள் கேட்ட மேடைப் பேச்சும் இப்படிப்பட்ட குழாய்கள் வழியாக வந்ததுதான். அந்தக் காலத்து மைக் செட்டுகளில் பெரும்பாலானவை வால்வில் ஓடின. டெல்லியில் 1940-ல் தொடங்கப்பட்ட அகுஜாவின் ஆம்ப்ளிஃபையர்கள் இந்தியா முழுவதும் பரவின. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-ல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியதும் உள்நாட்டு வால்வுகளும் கடைக்கு வந்தன.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, வால்வு செட்டுகள் பரணுக்குப் போயின. ஆனால் அவற்றை இறக்கித் துடைத்து, கண்டென்சர் மாற்றி, மறுபடி பாட வைக்கும் ரசிகர்கள் தென் மாவட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். குழாய்க்குப் பதில் நல்ல பெட்டி ஸ்பீக்கர் இணைத்து வீட்டுக்குள் கேட்கும் ஆசை சிலருக்கு. மைக் குத்தும் இடத்தில் மின்கிதாரைக் குத்திப் பார்க்கும் ஆசை சிலருக்கு. இரண்டு பேருக்கும் முதலில் கேட்பது பாட்டு அல்ல, ‘ம்ம்ம்’ என்று அடியில் ஓடும் ஒரு ஹம். நேற்றுவரை சுத்தமாகப் பாடிய செட் திடீரென்று கெட்டுவிட்டதோ என்று கலங்குவார்கள்.

செட் கெடவில்லை. அந்த ஹம் ஐம்பது வருஷமாக அதற்குள்ளேயே இருந்தது. குழாய்தான் அதை வெளியே விடவில்லை.

மடக்குக் குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு வரம்பு உண்டு. குழாயின் நீளமும் வாயின் அகலமும் சேர்ந்து ஓர் எல்லை அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. கம்பத்தில் கட்டும் அளவுள்ள குழாய்க்கு அது ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி வேகமாகச் சரிந்துவிடும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகளாக அலைவது, அதிலிருந்து பிறக்கும் இரைச்சல் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்ற மடங்குகளில் வரும். குழாயை விட்டு வெளிவருவதற்கு முன்பே அதன் பெரும்பகுதி செத்துவிடும். காதும் கொஞ்சம் உதவி செய்கிறது. தாழ்ந்த ஒலிகளுக்குக் காது எவ்வளவு மந்தம் என்பதை 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். இன்று ஏற்கப்பட்டிருக்கும் சர்வதேச அளவின்படி, அமைதியான அறையில் 50 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழவே 44 டெசிபல் வேண்டும். 100 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 27 போதும். 300 ஹெர்ட்ஸுக்கு ஒன்பது டெசிபலே போதும்.

கிதார் ஆம்ப்ளிஃபையரில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பன்னிரண்டு அங்குல கிதார் ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வு பெரும்பாலும் 75 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். கிதாரின் தடித்த ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால் அப்படி இருந்தாக வேண்டும். ஆகவே 100 ஹெர்ட்ஸ் அதில் தாராளமாக வரும். ஆறாம் கம்பியின் மூன்றாம் கட்டத்தை அழுத்தி மீட்டினால் வரும் சுரம் 98 ஹெர்ட்ஸ். கூடவே 100 ஹெர்ட்ஸ் இரைச்சலும் ஓடினால் இரண்டும் மோதி வினாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். நம் சங்கீதத்துக்கும் இதே கதிதான். பெண் குரலுக்கு வழக்கமான ஐந்து கட்டையின் ஆதார சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், ஐந்தரைக் கட்டைக்கு 208. மின்சாரத்தின் நான்காம் மடங்கான 200 ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் நடுவே, பாடுபவருக்குப் பின்னால் உட்கார்ந்து சுருதி சேராமல் மீட்டும் தம்புராவைப் போல விழும்.

மைக் செட்டும் கிதார் ஆம்ப்ளிஃபையரும் ஒரே குடும்பம். இரண்டிலும் முன்வரிசையில் நிற்பது பெரும்பாலும் ஒரே வால்வு: அமெரிக்காவில் 12ஏஎக்ஸ்7, ஐரோப்பாவிலும் இங்கும் ஈசிசி83. 1950களின் இறுதியில் ஃபெண்டர் வெளியிட்ட பாஸ்மேனில் முதல் வால்வுக்கு அடுத்த இடங்களில் இருந்ததும் அதுதான். பாஸ்மேனைப் பார்த்து 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45-லும் அதுதான். பழைய மைக் செட்டைக் கிதாருக்கு மாற்றிக்கொள்வது உலகெங்கும் நடப்பது. சுற்று பெரிதாக மாறாது. மாற வேண்டியது முன்பகுதியின் ஒழுங்கு.

ஒழுங்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று தெரிய, வால்வுக்குள் கொஞ்சம் பார்க்க வேண்டும். மெல்லிய நிக்கல் குழலின் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு பூசியிருக்கும். அதுதான் கேத்தோடு. அது 800 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறினால் எலெக்ட்ரான்களைக் கொட்டத் தொடங்கும். சூட்டுக்கும் எலெக்ட்ரான் பெருக்குக்கும் உள்ள விதியை 1901-ல் கண்டு சொன்ன ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928-க்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சூட்டைத் தருவது நிக்கல் குழலுக்குள் மடித்துச் செருகிய டங்ஸ்டன் இழை, அதாவது ஹீட்டர். இழையும் குழலும் தொட்டுக்கொள்ளாதபடி இழையின் மேல் அலுமினா பூச்சு இருக்கும். ஈசிசி83-ன் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், 0.3 ஆம்பியர் வேண்டும்.

6.3 என்ற விசித்திரமான எண் பழைய கார் பேட்டரியிலிருந்து வந்தது. ஈய அமில பேட்டரியின் ஓர் அறை 2.1 வோல்ட், மூன்று அறை சேர்ந்தால் 6.3. பேட்டரியில் ஓடும் வரை ஹீட்டரால் ஹம் என்ற பேச்சே கிடையாது. கரண்டு எட்டாத கிராமங்களில் பாடிய பேட்டரி ரேடியோக்கள் 1.4 வோல்ட் வால்வுகளில் ஓடின, அவற்றில் நேர்மின்னோட்டமே இழை வழியாகப் போனது. மின்கம்பத்து மாறுமின்னோட்டத்தில் ஹீட்டரை எரிக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது. கேத்தோடு சூடு ஆற சில வினாடிகள் ஆகும், ஆகையால் 50 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கத்துக்கு அதன் வெப்பம் அசைவதில்லை. வெப்பம் வழியாக ஹம் நுழையாது. நுழையும் வழிகள் வேறு.

முதல் வழியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வால்வின் கிரிட் என்பது சிக்னலை வாங்கும் வாசல். அங்கே பெரும்பாலும் 1 மெகாஓம் ரெசிஸ்டர் பூமிக்கு இணைந்திருக்கும். ஹீட்டர் கம்பி கிரிட் கம்பிக்குப் பக்கத்தில் போனால் இரண்டுக்கும் இடையில் தானாகவே ஒரு சின்னக் கண்டென்சர் உருவாகிவிடும். அதன் மதிப்பு ஒரே ஒரு பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 3180 மெகாஓம். 6.3 வோல்ட்டில் 3180-ல் ஒரு பங்கு கிரிட்டில் விழுகிறது, அதாவது 2 மில்லிவோல்ட். மைக் கொடுக்கும் சிக்னலே சில மில்லிவோல்ட்தான்! மைக்கையோ கிதாரையோ செருகியபின் கிரிட்டின் தடை குறையும், ஹம்மும் குறையும். ஆனாலும் 0.1 மில்லிவோல்ட் மிஞ்சினால்கூட, ஈசிசி83-ன் உள்ளே இருக்கும் இரண்டு பாதிகளில் முதல் பாதி அதை 60 மடங்காக்கி 6 மில்லிவோல்ட் ஆக்கும், அடுத்த பாதி 360 ஆக்கும். கடைசி வால்வுகளின் ஹீட்டர் முதல் வால்வின் ஹீட்டரைவிட ஐந்து மடங்கு கரண்டு இழுத்தாலும் அவற்றால் வரும் ஹம் கேட்பதில்லை, ஏனென்றால் அவற்றுக்குப் பின்னால் பெருக்குவதற்கு யாரும் இல்லை. தவறவே கூடாத இடம் முதல் வால்வு. ஹம்மைப் பற்றிய கவனம் முழுவதும் அங்கேதான் குவிய வேண்டும்.

இரண்டாவது வழி காந்தம். நாலைந்து வால்வுகளுக்கான கரண்டு நாலைந்து ஆம்பியர் வரை போகலாம். தனிக் கம்பியில் அது ஓடினால் சுற்றிலும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் விரியும். மூன்றாவது, கசிவு. அலுமினா பூச்சு வருஷக்கணக்கில் சூடேறி அசுத்தமாகி, ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்கு மின்சாரத்தைக் கசிய விடும். ஹீட்டர் இழையே எலெக்ட்ரானை உமிழ்ந்து கேத்தோடை நோக்கி அனுப்புவதும் உண்டு.

பழைய மலிவு செட்டுகளைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தால் முதல் குற்றவாளி பல நேரம் கண்ணிலேயே படும். ஹீட்டருக்கு ஒற்றைக் கம்பி ஓடும். மறுமுனையைச் சேசிஸ் தகட்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். ஒரு கம்பி மிச்சம், குழாயில் ஹம் கேட்காது, ஆகவே அன்றைக்கு அது நியாயமான சிக்கனம். பெட்டி ஸ்பீக்கருக்கும் கிதாருக்கும் அது உதவாது.

அந்தச் சேசிஸ் இணைப்பை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு கம்பிகளை இறுக்கமாக முறுக்கி ஒவ்வொரு வால்வுக்கும் கொண்டுபோக வேண்டும். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் எதிரெதிர்த் திசையில், ஒட்டி ஓடுவதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழிக்கும். தொலைபேசிக் கம்பிகளின் இரைச்சலைக் குறைக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-ல் காப்புரிமை பெற்ற உபாயம் இது. 1955-ல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம் பிடிக்காத கிதார் பிக்கப்பை உருவாக்கியதும் இதே தர்க்கத்தில்தான். முறுக்கிய இணையைச் சேசிஸின் மூலையோடு ஒட்டி ஓட்ட வேண்டும். கிரிட் கம்பியைச் செங்குத்தாகத்தான் கடக்கவிட வேண்டும், கூடவே ஓடவிடக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து முதலில் கடைசி வால்வுகள், பிறகு நடுவில் உள்ளவை, இறுதியில் மைக் வால்வு என்ற வரிசையில் போனால், மைக் வால்வின் பக்கத்தில் 0.3 ஆம்பியர் மட்டுமே ஓடும்.

அடுத்தது சமநிலை. ஹீட்டர் சுற்றுக்கு நடுமுனை இருந்தால் அதைப் பூமியோடு இணைக்கலாம். இல்லையென்றால் தலா 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டை இரு கம்பிகளிலிருந்தும் பூமிக்கு இணைத்து ஒரு நடுமுனையை உண்டாக்கலாம். அவற்றில் ஓடுவது 32 மில்லிஆம்பியருக்கும் குறைவு, சூடே தெரியாது. இப்போது ஒரு கம்பியில் 3.15 வோல்ட் மேலே ஏறும்போது மற்றதில் 3.15 கீழே இறங்கும். மேலே கணக்குப் போட்ட 2 மில்லிவோல்ட்டில் ஒரு கம்பி ஏற்றுவதை மறு கம்பி இறக்கிவிடும். 100 ஓம் பொட்டென்ஷியோமீட்டரை அந்த இடத்தில் வைத்தால், திருகித் திருகி ஹம் மிகவும் குறையும் புள்ளியைக் காதாலேயே பிடிக்கலாம். நிலையான ரெசிஸ்டரைவிட இதுவே மேல். எந்த வால்விலும் இரண்டு பக்கமும் கச்சிதமாகச் சமமாக இருப்பதில்லை.

இந்த வேலையில் பலர் தவறவிடுவது முன்பலகையின் பைலட் விளக்கை. அதன் ஒரு முனை பெரும்பாலும் ஹோல்டர் வழியாகச் சேசிஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்காமல் டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனையைப் பூமிக்கு இணைத்தால் ஹீட்டர் சுற்றின் ஒரு பாதி ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மரே வெந்துபோகும்.

கசிவுக்கு மருந்து வேறு. கேத்தோடிலிருந்து பூமிக்கு வழக்கமாக 1.5 கிலோஓம் ரெசிஸ்டரும் அதன் குறுக்கே 25 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் இருக்கும். அலுமினாவின் தடை 10 மெகாஓமுக்கு இறங்கிவிட்டதாகக் கொண்டால், கண்டென்சர் இல்லாத நிலையில் கேத்தோடில் அரை மில்லிவோல்ட் அளவுக்கு ஹம் எழும். கண்டென்சர் நல்ல நிலையில் இருந்தால் அது ஆறில் ஒரு பங்காகக் குறையும். விருதுநகர் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஐம்பது வருஷம் கிடந்த எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பில்லை. சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்களின் பொதுக் கணக்கு. ஆகவே சில ரூபாய் பெறும் இந்தக் கண்டென்சரை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் மலிவான வைத்தியம்.

ஹீட்டர் இழையே எலெக்ட்ரானை உமிழ்வதைத் தடுக்க அழகான ஓர் உபாயம் இருக்கிறது. எலெக்ட்ரான் எதிர் மின்னூட்டம் கொண்டது, நேர் முனையை விட்டு அது எளிதில் கிளம்பாது. கேத்தோடு பூமியிலிருந்து ஒன்று, ஒன்றரை வோல்ட் உயரத்தில் நிற்கிறது. ஹீட்டரோ நான்கரை வோல்ட் மேலும் கீழுமாக ஆடுகிறது. கீழே போகும் ஒவ்வொரு முறையும் இழையிலிருந்து எலெக்ட்ரான் கேத்தோடுக்குத் தாவலாம். முழு ஹீட்டர் சுற்றையும் 40 வோல்ட் மேலே தூக்கிவிட்டால் இழை எப்போதும் கேத்தோடைவிட நேராகவே இருக்கும், தாவல் நின்றுவிடும். 300 வோல்ட் எச்டி (ஹை டென்ஷன்) லைனிலிருந்து 220 கிலோஓமும் 33 கிலோஓமும் தொடராகப் பூமிக்கு இணைத்தால் நடுவில் 39 வோல்ட் கிடைக்கும். 33 கிலோஓமின் குறுக்கே ஒரு கண்டென்சர். நடுமுனையைப் பூமியிலிருந்து எடுத்து இந்தப் புள்ளியில் வைக்க வேண்டும். ஈசிசி83 தன் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையே 180 வோல்ட் வரை தாங்கும், ஆகவே பயமில்லை.

பலர் முதலில் தாவுவது நேர்மின்னோட்ட ஹீட்டருக்குத்தான். டையோடு பாலமும் பெரிய கண்டென்சரும் போட்டால் போதாதா என்பார்கள். மைக் வால்வு ஒன்றுக்கு மட்டும் செய்தால் பலன் உண்டு. ஆனால் 0.3 ஆம்பியருக்கு 4700 மைக்ரோஃபாரட் போட்டாலும் 0.6 வோல்ட் அலை மிஞ்சும். அது 50 ஹெர்ட்ஸ் அல்ல, காதுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும் 100 ஹெர்ட்ஸ், கூர்முனை கொண்ட அலை வேறு. டிரான்ஸ்ஃபார்மரும் முன்பைவிட அதிகம் சூடேறும். கம்பியை முறுக்கி, சமநிலைப்படுத்தி, தூக்கி நிறுத்தியபிறகும் ஹம் அடங்காத செட்டுக்கே இது தேவை. அந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்த செட்டுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

எர்த் குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் கரிசல் மண் வெடித்துக் காயும்போது எர்த்தின் தடை ஏறும், உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஹம் வந்தாலும் அதே வைத்தியத்தைச் செய்பவர்கள் உண்டு. ஹீட்டர் ஹம் முழுக்கப் பெட்டிக்குள் நடக்கும் விஷயம், குழியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது குறையாது. குழியின் வேலை உயிரைக் காப்பது. சிவகாசிப் பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையுமுன் பூமியோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகிறார்கள். அந்த ஊருக்கு எர்த்தின் மதிப்பை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் ஹம் குறைகிறது என்று ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. கிதாரின் கம்பிகள் சேசிஸோடு இணைந்தவை. உள்ளே ஒரு காப்பு பழுதானால் 230 வோல்ட் வாசிப்பவர் விரலுக்கு வரும். எர்த் பின்னை எந்த நிலையிலும் கழற்றக் கூடாது. செட்டுக்குள்ளேயே 300 முதல் 450 வோல்ட் இருக்கிறது, ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும். அதை முறையாக இறக்கி, மீட்டரால் பார்த்தபிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

இத்தனை வேலைக்கு முன்பு குற்றவாளி ஹீட்டர்தானா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. வால்யூமைத் திருப்பும்போது ஹம் கூடிக் குறைந்தால் அது வால்யூமுக்கு முன்பிருந்து, பெரும்பாலும் முதல் வால்விலிருந்து வருகிறது. மாறாமல் இருந்தால் எச்டி லைனின் வடிகட்டிக் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். அடுத்த சோதனைக்கு எமர்ஜென்சி விளக்கில் வரும் 6 வோல்ட் பேட்டரி போதும். மைக் வால்வின் ஹீட்டர் கம்பிகளை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிரித்து பேட்டரியில் இணைத்து, பேட்டரியின் எதிர்முனையைச் சேசிஸில் கோத்துப் பார்க்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி தருவதும் ஏறத்தாழ அதே 6.3 வோல்ட்தான். ஹம் சட்டென்று அடங்கினால் முறுக்கும் கம்பியையும் 100 ஓம் ரெசிஸ்டரையும் வாங்கப் போகலாம். அடங்காவிட்டால் ஹீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையும் பூமி இணைப்புகள் வளையமாகச் சுற்றிக் கிடப்பதையும் தேட வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் கையில் இருக்கும் ஈசிசி83 வால்வுகளை ஒவ்வொன்றாக மைக் சாக்கெட்டில் போட்டுப் பார்ப்பது கடைசி வேலை. ஒரே கம்பெனி, ஒரே முத்திரை என்றாலும் கசிவு வால்வுக்கு வால்வு மாறும். மிகக் குறைவாக இரையும் வால்வு மைக் சாக்கெட்டுக்குப் போக வேண்டும். அடுத்தது டோன் பகுதிக்கு. அதிகம் கசியும் வால்வையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கடைசி வால்வுகளை இயக்கும் இடத்தில், பெருக்கம் குறைவான வேலையில், அது இன்னும் பல வருஷம் ஓடும்.